‘ஆஃப்’ என்றால் எந்தப் பக்கம்? கரையை வைத்துத் திசையும் தூரமும் சொல்லும் ஆங்கிலம்

பினாங்குத் தீவின் பத்து பெரிங்கி கடற்கரையில் கயாக் (துடுப்புப் படகு) வாடகைக்கு விட்டு, படகுச் சவாரியும் நடத்தும் ஒருவர் இரண்டு சிக்கல்களைச் சொல்லி விளக்கம் கேட்டிருக்கிறார். வானிலைக் குறிப்பில் ‘ஆஃப்ஷோர் விண்ட்’ என்று இருந்ததை அவருடைய ஆட்கள், ஆழ்கடலில் அடிக்கும் காற்று, நமக்கு இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு நாள் இயந்திரம் நின்றுபோன படகு இருந்த இடத்தை ‘டூ மைல்ஸ் ஆவ் முக்கா ஹெட்’ (முக்கா ஹெட் தீவின் வடமேற்கு முனை) என்று எழுதி அனுப்ப, மறுமுனையில் இருந்தவர் எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்டார். ஆஃப்ஷோர், ஆன்ஷோர், இன்ஷோர், அஷோர் என்பவை எப்படி வேறுபடுகின்றன, கரையிலிருந்து தூரத்தை எப்படிச் சொல்வது என்பது கேள்வி.

எழுத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு எஃப் உள்ள சொல்லும் இரண்டு எஃப் உள்ள சொல்லும் நம் வாயில் ஒன்றுபோலவே வந்துவிடுகின்றன. இந்தப் பதிலில் ஒரு எஃப் உள்ளதை ‘ஆவ்’ என்றும் இரண்டு எஃப் உள்ளதை ‘ஆஃப்’ என்றும் எழுதுகிறேன். ஆவ் தனியாக இடத்தைக் காட்டாது. அதற்கு முன் ஒரு திசைச் சொல் வேண்டும்: ‘நார்த் ஆவ் முக்கா ஹெட்’. ஆஃப் தானே இடத்தைக் காட்டும்: ‘ஆஃப் முக்கா ஹெட்’, அதாவது முக்கா ஹெட்டை ஒட்டிய கடலில். நீங்கள் அனுப்பிய வரியில் திசையும் இல்லை, இரண்டாவது எஃப்பும் இல்லை. அதனால்தான் மறுமுனைக்கு அது பாதியில் நின்ற வாக்கியமாகத் தெரிந்தது.

ஆங்கிலம் கரையை ஒரு கோடாக வைத்துக்கொள்கிறது. கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பது ஒரு செய்தி. அங்கே இருப்பதைச் சொல்கிறோமா, அந்தப் பக்கம் போவதைச் சொல்கிறோமா என்பது இன்னொரு செய்தி. தமிழில் இந்த இரண்டாவதை வேற்றுமை உருபு பார்த்துக்கொள்ளும்: கரையில், கரைக்கு, கரையிலிருந்து. ஆங்கிலத்தில் ‘ஆஃப்ஷோர்’ என்ற ஒரே சொல் கரைக்கு அப்பால் கடலில் என்றும் பொருள்படும், கரையிலிருந்து கடலை நோக்கி என்றும் பொருள்படும். எது என்பதை அடுத்து வரும் சொல்லே முடிவு செய்கிறது. எண்ணெய்க் கிணறு, நங்கூரமிடும் இடம், மீன்பிடிப்பு என்று நிற்கிற, நடக்கிற காரியம் வந்தால் அது இடம். காற்று, நீரோட்டம் என்று ஓடுகிற பொருள் வந்தால் அது போகும் திசை. ஆகவே ஆஃப்ஷோர் விண்ட் என்பது நிலத்திலிருந்து கடலுக்குள் வீசும் காற்று. உங்கள் கயாக்கைக் கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று அதுதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மின்சாரச் செய்திகளில் ‘ஆஃப்ஷோர் விண்ட்’ என்றால் கடலில் நட்ட காற்றாலைகள். 1991இல் டென்மார்க்கின் விண்டபி கடற்பகுதியில் 11 காற்றாலைகளோடு உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை வந்தது. அங்கே காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் பெயர் ஆஃப்ஷோர்தான், ஏனென்றால் அது காற்றாலை நிற்கும் இடத்தைச் சொல்கிறது. வானிலைக் குறிப்பில் இந்தப் பொருள் வராது.

காற்றுக்குப் பெயர் வைப்பதில் ஆங்கிலத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. குழப்பத்தில் பாதி இங்கேதான். திசையை வைத்துச் சொன்னால், காற்று எங்கிருந்து வருகிறதோ அதுவே பெயர்: ‘வெஸ்டர்லி விண்ட்’ மேற்கிலிருந்து வருவது. தமிழிலும் மேல்காற்று, வாடைக்காற்று என்று அப்படித்தான் சொல்கிறோம். ‘ஸீ பிரீஸ்’ கடலிலிருந்து வருவது, ‘லேண்ட் பிரீஸ்’ நிலத்திலிருந்து வருவது. நம் கடற்காற்றும் நிலக்காற்றும் அவையே. ஆனால் ஆன்ஷோர், ஆஃப்ஷோர் இரண்டும் காற்று எங்கே போகிறது என்பதைச் சொல்கின்றன. எனவே ஸீ பிரீஸ்தான் ஆன்ஷோர், லேண்ட் பிரீஸ்தான் ஆஃப்ஷோர். நீரோட்டத்துக்கோ எப்போதும் போகும் திசைதான் பெயர். ‘வெஸ்டர்லி கரண்ட்’ மேற்கு நோக்கி ஓடுவது. ஒரே குறிப்பில் வெஸ்டர்லி விண்டும் வெஸ்டர்லி கரண்டும் வந்தால் அவை ஒன்றுக்கொன்று எதிர் எதிராகப் போகின்றன.

பேச்சு ஆங்கிலத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘எ பிரீஸ் ஆஃப் தி ஸீ’ என்றால் கடலிலிருந்து எழுந்து வரும் காற்று. இங்கே ஆஃப் என்பது புறப்பட்ட இடத்தைக் காட்டுகிறது. அதனால் அது ஆன்ஷோர் காற்று. ‘ஆஃப் தி லேண்ட்’ என்றால் ஆஃப்ஷோர் காற்று. ஆஃப் என்ற ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டால் திசை தலைகீழாகிவிடும்.

பினாங்கில் இதைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். மேற்கிலிருந்து ஒரு காற்று வருகிறது என்று வையுங்கள். ஜார்ஜ்டவுனில் வெல்ட் கீ கரையில் நிற்பவருக்கு அது முதுகுப் பக்கம், ஊருக்குள்ளிருந்து வந்து கடலுக்குள் போகிறது; அவருக்கு அது ஆஃப்ஷோர். நீரிணையைத் தாண்டி பட்டர்வொர்த் கரையில் நிற்பவருக்கு அதே காற்று முகத்தில் அடிக்கிறது, அவருக்கு ஆன்ஷோர். காற்று ஒன்று, நேரம் ஒன்று, பெயர் மட்டும் இரண்டு. பத்து பெரிங்கி வடக்கே பார்த்த கரை. அங்கே வடக்கிலிருந்து வருவது ஆன்ஷோர், பின்னால் மலையிலிருந்து இறங்குவது ஆஃப்ஷோர். ஆகவே ஆன்ஷோர், ஆஃப்ஷோர் என்று படித்தால் எந்தக் கரைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். தீவு முழுவதற்கும் ஒரே ஆஃப்ஷோர் காற்று இருக்க முடியாது.

வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுவதால் முற்பகலுக்குப் பிறகு கடற்காற்று பிடிக்கும். இரவில் நிலம் வேகமாகக் குளிர்வதால் விடியும்வரை நிலக்காற்று. பருவக்காற்று வலுத்தால் இந்த ஒழுங்கு கலையும். உங்கள் தொழிலுக்கு ஆபத்தானது காலை நேரத்து ஆஃப்ஷோர். மலை மறைப்பதால் கரையோரத் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும். சில நூறு மீட்டர் வெளியே போனதும் மறைப்பு நீங்கிக் காற்று முழுசாகப் பிடிக்கும். போகும்போது துடுப்பு லேசாக இருக்கும், திரும்பும்போதுதான் கனம் தெரியும். காற்றடைத்த மிதவையில் இருக்கும் பிள்ளைகள் தங்களை அறியாமலே வெளியே போய்விடுவார்கள். ஆட்களுக்கான பலகையில் ‘ஆஃப்ஷோர் விண்ட்’ என்று மட்டும் எழுதாமல் ‘காற்று கடலுக்குள் இழுக்கும்’ என்று தமிழிலும் அதற்கு ஈடாக மலாயிலும் எழுதிவிடுங்கள். மலாயில் ‘லுவார் பெசிசிர்’ என்பது ஆஃப்ஷோர் என்ற இடத்தைச் சொல்லும் சொல். காற்றுக்கு அதைப் பயன்படுத்தினால் அதே பிழை மறுபடி வரும்.

இனி ஆஃப் என்ற தனிச்சொல். ‘ஆஃப் பத்து பெரிங்கி’, ‘ஆஃப் தி கோஸ்ட் ஆவ் கெடா’ என்றால் அந்த ஊருக்கு நேரே உள்ள கடலில் என்று பொருள்; கரைக்கு ஓரளவு அருகில் இருக்கிறது என்ற சாயலும் உண்டு. தூரம் முன்னால் வரும்: ‘டூ மைல்ஸ் ஆஃப் பத்து பெரிங்கி’. ஆஃப்புக்குப் பின் ‘ஃப்ரம்’ சேர்க்கக் கூடாது. ‘டூ மைல்ஸ் ஆஃப் ஃப்ரம் தி கோஸ்ட்’ பிழை. ‘டூ மைல்ஸ் ஃப்ரம் தி கோஸ்ட்’ இலக்கணப்படி சரி, ஆனால் கடல் பக்கமா நிலத்தின் பக்கமா என்று சொல்லாது. கடல் பக்கம் என்றால் ஆஃப்ஷோர், நிலத்தின் பக்கம் என்றால் இன்லேண்ட்: ‘டூ மைல்ஸ் ஆஃப்ஷோர்’, ‘டூ மைல்ஸ் இன்லேண்ட்’. பத்து பெரிங்கிக்குக் கடல் வடக்கே மட்டும் இருப்பதால் ஆஃப் என்றாலே திசை கிடைத்துவிடுகிறது. முக்கா ஹெட் தீவின் வடமேற்கு முனை, மூன்று பக்கமும் கடல். அதற்கு ஆஃப் மட்டும் போதாது, திசையும் வேண்டும். முனைகளுக்கும் சிறு தீவுகளுக்கும் இது பொது விதி.

சாலை முகவரியில் ‘ஆஃப் ஜாலான் பர்மா’ என்று பார்த்துப் பழகியிருப்பீர்கள். அங்கே பெரிய சாலையிலிருந்து பிரியும் கிளைச் சந்து. பீச்சுக்கும் இந்த நிலப்பொருள் ஒட்டிக்கொண்டது: ‘எ கஃபே ஜஸ்ட் ஆஃப் தி பீச்’ என்றால் மணலைத் தாண்டி உள்ளே இருக்கும் கடை. ஆஃப் தி கோஸ்ட் எப்போதும் கடல், ஆஃப் தி பீச் இரண்டாகவும் இருக்கலாம். விளம்பரத்தில் விடுதி இருக்கும் இடத்தைச் சொல்ல ‘டூ ஹண்ட்ரட் மீட்டர்ஸ் ஃப்ரம் தி பீச்’ என்பதே பாதுகாப்பு. விடுதி கடலில் நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஊர்ப்பெயரும் ஏமாற்றும். பூலாவ் தீக்குஸ் என்பது ஜார்ஜ்டவுனை ஒட்டிய குடியிருப்புப் பகுதி. வடகரைக்கு அப்பால் கடலில் அதே பெயரில் ஒரு சிறு தீவும் உண்டு. ‘அட் பூலாவ் தீக்குஸ்’ என்று எழுதினால் படிப்பவர் கடைத்தெருவை நினைப்பார். ‘நார்த் ஆவ் பூலாவ் தீக்குஸ் ஐலண்ட்’ என்பதுபோல் திசையோடு ஐலண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

அஷோர் என்பது கரையில் அல்லது கரைக்கு. வினையோடுதான் வரும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது. ‘அஷோர் விண்ட்’ என்று எவரும் சொல்வதில்லை. தமிழ் இங்கே ஆங்கிலத்தைவிட வளமானது. ஆள் கரையேறினார், உடைந்த பலகை கரை ஒதுங்கியது, படகு தரை தட்டியது, சம்பான் பத்திரமாகக் கரை சேர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனி வினை நமக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் கோ அஷோர், வாஷ் அஷோர், ரன் அஷோர், கம் அஷோர் என்று அஷோர் மாறாமல் நின்று வினை மட்டும் மாறும். ‘ரன் அகிரவுண்ட்’ தனி. அடிப்பகுதி தரையில் முட்டியது என்றுதான் அதற்குப் பொருள். கரையிலிருந்து வெகு தூரத்து மணல்திட்டிலும் அது நடக்கலாம். அறிக்கையில் இரண்டையும் மாற்றி எழுதினால் தேடுபவர்கள் கரையோரம் தேடிக்கொண்டிருப்பார்கள். புயல் கரையைக் கடந்தது என்பதற்கு ‘மேட் லேண்ட்ஃபால்’.

இன்ஷோர் என்பது கடலில்தான், ஆனால் கரையை ஒட்டி. ஆன்ஷோரோடு இதைக் குழப்புவது மிகச் சாதாரணம். இன்ஷோர் மீனவர் கரைக்கடலில் வலை போடுபவர். ஆன்ஷோர் தொழிற்சாலை தரையில் நிற்பது. இன்ஷோருக்கு ஒப்பீட்டுப் பயனும் உண்டு: ‘தி ஜெட் ஸ்கீ வாஸ் இன்ஷோர் ஆவ் அஸ்’ என்றால் ஜெட் ஸ்கீ நமக்கும் கரைக்கும் நடுவில் இருந்தது. தீவைச் சுற்றிப் போகும்போதும் இதே எண்ணம்தான். ‘இன்சைட் தி ஐலண்ட்’ என்றால் தீவுக்கும் கரைக்கும் நடுவே போவது, தீவுக்குள் போவது இல்லை. ‘அவுட்சைட்’ என்றால் தீவுக்கு வெளிப்புறமாக, திறந்த கடல் வழியாக.

இன், அவுட் இரண்டும் படகுக்காரர்கள் அதிகம் கேட்கும் சொற்கள். நிலமே வீடு, கடல் வெளி என்ற கணக்கு அவற்றின் அடியில் இருக்கிறது. ‘தி ஃபெரி இஸ் இன்’ என்றால் படித்துறைக்கு வந்துவிட்டது, ‘தி டைட் இஸ் அவுட்’ என்றால் தண்ணீர் வற்றியிருக்கிறது, ‘டூ ஹண்ட்ரட் மீட்டர்ஸ் அவுட்’ என்றால் கரையிலிருந்து கடலுக்குள் 200 மீட்டர். கரையை நோக்கி இறங்குவது ‘டவுன் டு தி ஷோர்’, ஏனென்றால் தண்ணீர் எப்போதும் தாழ்வில். கரையோரமாக வடக்கே போவதை வரைபடத்தை வைத்து ‘அப் தி கோஸ்ட்’ என்பார்கள். இங்கே நிற்கும் இடமும் பெயராகிவிடுவது மலாயில் அழகாகத் தெரியும்: செபராங் என்றால் எதிர்க்கரை. பிறைக்கு அக்கரை என்பது செபராங் பிறை என்று ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டது.

ஸீ என்ற சொல்லுக்கு முன் ‘தி’ வருகிறதா இல்லையா என்பது பொருளையே மாற்றும். அட் ஸீ: கப்பலில், பயணத்தில், நிலம் விட்டு. இன் தி ஸீ: தண்ணீருக்குள். ஒருவர் படகிலிருந்து விழுந்துவிட்டால் அவர் இன் தி ஸீ. படகில் இருக்கும் நீங்கள் அட் ஸீ. பை ஸீ: கடல்வழிப் பயணம்; பை தி ஸீ: கடலோரத்தில். கோ டு ஸீ: மாலுமியாகப் போவது; கோ டு தி ஸீ: கடற்கரைக்குப் போவது. பேச்சில் ‘தி’யை விட்டுவிடும் பழக்கம் நமக்கு உண்டு, இந்த மூன்று இடங்களில் மட்டும் விட வேண்டாம்.

கரை என்ற நம் ஒரே சொல்லுக்கு ஆற்றுக்கு பேங்க், ஏரிக்கும் கடலுக்கும் ஷோர், நாட்டின் கடலோரப் பகுதிக்கு கோஸ்ட், மணல் அல்லது கூழாங்கல் பரப்புக்கு பீச். ஏரிக்குப் பொதுவாக கோஸ்ட் என்பதில்லை.

காற்றும் கரையும் சேரும் இடத்தில் ‘லீ’ வருகிறது. ‘இன் தி லீ ஆவ் தி ஐலண்ட்’ என்றால் தீவு காற்றை மறைக்கும் பக்கம், ஒதுங்க நல்ல இடம். ‘லீ ஷோர்’ என்றால் அதற்கு நேர்மாறான ஆபத்து: படகிலிருந்து பார்க்கும்போது காற்று போகும் பக்கம் இருக்கும் கரை. வடக்குக் காற்றில் பத்து பெரிங்கிக்கு நேரே இயந்திரம் நின்றால் பத்து பெரிங்கியே லீ ஷோர். காற்று உங்களைப் பாறைமேல் கொண்டுபோய்ப் போடும், உடனே நங்கூரம் இறக்க வேண்டும். லீ என்ற சொல்லைக் கேட்டதும் அடைக்கலம் என்று நினைப்பவர்கள் கடலில் பல ஆண்டு கழித்தவர்களிலும் உண்டு. லீ எதைப் பொறுத்தது என்று கேளுங்கள்: தீவின் லீ என்றால் தீவைப் பொறுத்தது, லீ ஷோர் என்றால் படகைப் பொறுத்தது.

தூரத்துக்கு வருவோம். நம் பெரியவர்கள் ‘அஞ்சாங்கட்டை’, ‘ஏழாங்கட்டை’ என்று சொல்லும் கட்டை தரை மைல், 1.609 கிலோமீட்டர். கடல் மைல் 1.852 கிலோமீட்டர், மலாயில் ‘பத்து நவுத்திகா’ (இங்கே பத்து எண் இல்லை, மைலைக் குறிக்கும் மலாய்ச் சொல்). அகலாங்கின் ஒரு கலைக்கு, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கு, சமமாக இது அமைந்தது. அதனால்தான் கடல் வரைபடத்தில் தூரத்தைப் பக்கவாட்டு அகலாங்கு அளவில் வைத்து அளக்கிறார்கள். மேலே உள்ள நெட்டாங்கு அளவில் அளந்தால் தப்பாகும். நாட்டின் கடல் எல்லையான 12 மைல் கடல் மைல்தான், 22.2 கிலோமீட்டர், தரை மைலாக எடுத்தால் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் குறைந்துவிடும். ஆங்கிலத்தில் வெறும் மைல் என்று எழுதாமல் ‘நாட்டிக்கல் மைல்ஸ்’ என்று முழுசாக எழுதுங்கள். கேபிள் என்பது கடல் மைலில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 185 மீட்டர். ஃபாதம் 6 அடி, நம் மீனவர்களின் பாகம் போல. அது ஆழத்துக்கு, தூரத்துக்கு இல்லை. நாட் வேகம்: மணிக்கு ஒரு கடல் மைல். ‘நாட்ஸ் பர் அவர்’ என்று எழுதுவது மணிக்கு மணிக்கு என்று சொல்வதுபோல.

எந்தக் கோட்டிலிருந்து அளப்பது? 1982ஆம் ஆண்டு ஐநா கடல்சட்ட உடன்படிக்கையின்படி எல்லைகளுக்கு வழக்கமான அடிக்கோடு, வற்றுநிலைத் தண்ணீர் நிற்கும் கோடு. அன்றாடப் பேச்சில் அந்த நேரத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அது. சேற்றுக் கரைகளில் வற்றும்போது கோடு வெகுதூரம் வெளியே போய்விடும், ‘நூறு மீட்டர் ஆஃப்ஷோர்’ என்பதும் கூடவே நகரும். நிலமும் நகரும்: ஜார்ஜ்டவுனின் பீச் ஸ்ட்ரீட் ஒருகாலத்தில் உண்மையிலேயே கடலோரத் தெரு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ எழுந்த பிறகு அது உள்ளே போய்விட்டது. ஆகவே தூரத்தைக் கரையிலிருந்து சொல்வதைவிட அசையாத ஓர் அடையாளத்திலிருந்து சொல்வது மேல்.

கண்மதிப்பும் ஏமாற்றும். 1.7 மீட்டர் கண் உயரத்தில் கரையில் நிற்பவருக்கு அடிவானம் சுமார் 4.7 கிலோமீட்டர், கயாக்கில் உட்கார்ந்து 0.8 மீட்டர் உயரத்தில் பார்ப்பவருக்குச் சுமார் 3.2 கிலோமீட்டர். உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் இது கிடைக்கும். ஆனால் கெடாவில் 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் மலை பல பத்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரியும். ‘விதின் சைட் ஆவ் லேண்ட்’ என்று எழுதினால் எதையும் சொன்னதாக ஆகாது.

அவசரத்தில் 999க்கு அழைத்துச் சொல்லும் வாக்கியத்தை இந்த வரிசையில் மனப்பாடம் செய்து வைக்கலாம்: தூரம், திசை, அடையாளம். ‘டூ நாட்டிக்கல் மைல்ஸ் நார்த்-வெஸ்ட் ஆவ் முக்கா ஹெட்.’ பாகையில் சொன்னால் அடையாளத்திலிருந்து உங்களை நோக்கி, மூன்று இலக்கமாக, ஒவ்வொரு இலக்கத்தையும் பிரித்து: ‘த்ரீ டூ ஸீரோ டிகிரீஸ் ஃப்ரம் முக்கா ஹெட், டூ நாட்டிக்கல் மைல்ஸ்’. ‘முக்கா ஹெட் பேர்ஸ்’ என்று தொடங்கினால் அது உங்களிடமிருந்து முக்கா ஹெட்டை நோக்கிய பாகை. அதே இடத்துக்கு எண் 140 ஆகிவிடும். ஃப்ரம் என்ற சொல் விட்டுப்போனால் தேடும் படகு எதிர்ப்பக்கம் போகும்.

கைப்பேசியில் இடத்தைப் பார்த்துச் சொல்வதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அது பெரும்பாலும் தசமப் பாகையில் காட்டும், 5.475 வடக்கு என்பதுபோல. கடலில் பேசுவது பாகையும் கலையும், அதே இடம் 5 பாகை 28.5 கலை. 0.475ஐ 60ஆல் பெருக்கினால் 28.5 வரும். 5.475ஐ யாராவது 5 பாகை 47.5 கலை என்று எழுதிக்கொண்டால் 19 கடல் மைல், அதாவது 35 கிலோமீட்டர் வடக்கே தேடுவார்கள். எண்ணுக்கு முன் ‘டெசிமல் டிகிரீஸ்’ என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியில் நேரத்தைச் சொல்ல மறக்க வேண்டாம். இயந்திரம் நின்ற படகு நின்ற இடத்தில் இராது. ஒரு நாட் நீரோட்டத்தில் அரை மணி நேரத்தில் 926 மீட்டர் போய்விடும். ‘பொசிஷன் அட் டென் ஃபார்ட்டி, டிரிஃப்டிங் ஆஃப்ஷோர்’ என்று முடித்தால், எங்கே இருந்தீர்கள் என்பதோடு எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதும் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்.